கொள்ளிடத்தின் தண்ணீர்க் கணக்கு

திருச்சியில் வளர்ந்தவர்கள் திருப்பாணாழ்வார் கதையைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது. உறையூரில் பாணர் குடியில் வளர்ந்தவர். ஸ்ரீரங்கத் தீவில் கால் வைக்க அவருக்கு உரிமை இல்லை. அதனால் காவிரியின் தென்கரையில் நின்றபடியே பாடுகிறார். கோயிலுக்குத் தண்ணீர் எடுக்க வந்த லோகசாரங்கர் விலகச் சொல்கிறார். பாட்டில் மூழ்கியிருந்தவருக்கு அது கேட்கவில்லை. லோகசாரங்கர் கல்லெறிகிறார், ரத்தம் வருகிறது. பிறகு பெருமாள் கட்டளையிட, கல்லெறிந்தவரே அவரைத் தோளில் சுமந்து கோயிலுக்குள் கொண்டுபோகிறார்.

சொற்பொழிவுகளில் தோளில் சுமந்த கட்டத்துக்குத்தான் நேரம் அதிகம். நாம் கல்லெறிந்த கட்டத்தில் கொஞ்சம் நிற்போம். அது கோயில் வாசலில் நடக்கவில்லை. ஆற்றில், தண்ணீர் மொள்ளும் இடத்தில் நடந்தது. இது வரலாறா புராணமா என்பது வேறு விவாதம். காவிரிக் கரையில் யார் நிற்கலாம், யார் நிற்கக் கூடாது என்ற கேள்வி எவ்வளவு பழையது என்பதற்கு அவர்கள் சொல்லும் கதையே போதுமான சாட்சி.

சூழலியல் கூட்டங்களுக்குப் போகும் மாணவத் தோழர்கள் இதை மனதில் வைத்திருக்க வேண்டும். அங்கே காவிரியைப் பற்றிப் பேசும்போது ஒரு பொற்காலம் வரும்: அந்தக் காலத்தில் ஆறு தூய்மையாக ஓடியது, ஊர் கூடிக் காத்தது, இன்று நகரங்கள் உறிஞ்சிவிட்டன. இன்று நகரங்கள் உறிஞ்சுவது உண்மை. ஆனால் அந்தப் பொற்காலத்தில் சேரி எங்கே இருந்தது என்று யாரும் சொல்வதில்லை. எனவே இந்த ஆற்றின் கதையை நாம் வேறு இடத்திலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. தெற்குக் கிளை காவிரி என்ற பெயரிலேயே போகிறது. வடக்குக் கிளை கொள்ளிடம். இரண்டுக்கும் நடுவில் ஸ்ரீரங்கம் தீவு. கோயிலார் கொள்ளிடத்தை வடதிருக்காவிரி என்பார்கள். வெள்ளத்தைக் கொள்ளும் இடம் என்பதால் கொள்ளிடம் என்று பெயர்க்காரணம் சொல்வார்கள். அது காவிரியைவிடத் தாழ்ந்த ஆறு, சரிவும் அதிகம், கடலுக்குப் போகும் வழியும் நேர்வழி. தண்ணீரை அதன் போக்கில் விட்டால் கொள்ளிடத்தைத்தான் தேடிப் போகும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதுதான் நடந்தது. காவிரியின் தலைப்பில் மணல் மேடிட்டது, தஞ்சாவூர் நன்செய்க்குத் தண்ணீர் குறைந்தது. நன்செய் குறைந்தால் கம்பெனிக்கு வரி குறையும். 1836ல் ஆர்தர் காட்டன் என்ற பொறியாளர் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டத் தொடங்கியதற்கு இதுதான் காரணம். இதனால் கொள்ளிடத்தின் கீழ்ப்பகுதிப் பாசனம் காய்ந்துவிடும் என்று தெரிந்ததால், அதே காலத்தில் அணைக்கரையில் கீழணையும் கட்டினார்கள். இந்தக் கீழணை பின்னால் சென்னைக் கதையில் மறுபடி வரும்.

அதாவது, ஒரு ஆற்றின் தண்ணீரைத் தூரத்தில் இருக்கும் ஒருவர் வருமானத்துக்காகத் திருப்புவது இங்கே குடிநீர்க் குழாயோடு தொடங்கவில்லை. திருப்பிய பிறகு ஆறு சொன்னபடி கேட்கவும் இல்லை. மேலணை வந்தபின் காவிரிக்குள் அளவுக்கு மிஞ்சித் தண்ணீர் பாய்ந்து படுகையை அரிக்கத் தொடங்கியது. சில ஆண்டுகளிலேயே காவிரித் தலைப்பிலும் ஒரு தடுப்பு கட்ட வேண்டியதாயிற்று. ஒரு இடத்தில் கை வைத்தால் இன்னொரு இடத்தில் வெடிக்கும் என்ற பாடத்தை இந்த ஆறு 180 ஆண்டுகளுக்கு முன்பே சொல்லிவிட்டது.

காட்டனின் பெயர் பாடநூலில் இருக்கிறது. மண் சுமந்தவர்களின் பெயர்ப் பட்டியல் எங்கும் இல்லை. காலத்தைக் கவனியுங்கள். மேலணை தொடங்கிய ஆண்டு 1836. இந்தியாவில் அடிமை முறைக்கு இருந்த சட்ட அங்கீகாரம் நீக்கப்பட்டது 1843ஆம் ஆண்டின் 5ஆம் சட்டத்தால். அதற்கு முன், 1819ல் சென்னை வருவாய் வாரியம் அடிமை முறை பற்றி விசாரித்தபோது, தமிழகத்தின் நன்செய் மாவட்டங்களில் பள்ளர், பறையர் மக்கள் பண்ணையடிமைகளாக இருப்பதும் விற்கப்படுவதும் பதிவாகியிருக்கிறது. தர்மா குமார் 1965ல் வெளியிட்ட தென்னிந்திய நிலமும் சாதியும் பற்றிய ஆய்வில் இதை விரிவாகப் படிக்கலாம். அந்த அணையில் ஒட்டர்கள் போன்ற மண்வேலைச் சமூகங்களும் உழைத்திருப்பார்கள். ஆனால் அணையால் செழித்த வயலில் சேற்றில் நின்றவர் யார், வரப்பில் குடையோடு நின்றவர் யார் என்பதில் நமக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

அடிமைமுறையை ஒழித்த 15 ஆண்டுகளில் இன்னொரு சட்டம் வந்தது. 1858ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம். ஆற்றுக் கரையோ ஏரிக் கரையோ உடையும் ஆபத்து வந்தால், கிராமத் தலைவர்கள் ‘உழைக்கும் வகுப்பை’ச் சேர்ந்த உடல் வலுவுள்ள ஆண்களை வேலைக்குத் திரட்ட வேண்டும் என்றது அது. நிலம் வைத்திருப்பவர் கரை காக்க வர வேண்டும் என்று சொல்லவில்லை. உழைக்கும் வகுப்பு வர வேண்டும் என்றது. ஊர் கூடிச் செய்த குடிமராமத்து என்று பெருமை பேசுகிறவர்களிடம் இந்தச் சட்டத்தைக் காட்டுங்கள். 2017ல் தமிழக அரசு அதே பெயரை எடுத்து ஒரு திட்டத்துக்கு வைத்தபோது யாருக்கும் எதுவும் உறுத்தவில்லை.

மடையைத் திறந்து மூடும் நீர்க்கட்டி வேலையும் பல ஊர்களில் நம் மக்களுடையதுதான். எந்த வயலுக்கு எத்தனை நாழிகை தண்ணீர் என்பது அவர் கையில் இருந்தது. ஆனால் எவ்வளவு விடுவது என்று முடிவெடுக்கும் இடத்தில் அவர் இல்லை.

இனி குழாய்க்கு வருவோம். கொள்ளிடத்திலும் காவிரியிலும் வெள்ளம் ஓடும் நாட்கள் சில. மற்ற நாட்களில் நாம் பார்ப்பது மணல். அந்த மணலுக்கு அடியில்தான் தண்ணீர் நிற்கிறது. படுகையில் நீர் உறிஞ்சு கிணறு இறக்கி, பக்கவாட்டில் துளையிட்ட குழாய்களை மணலுக்குள் நீட்டி, அங்கே சேரும் நீரை மோட்டார் வைத்து இறைக்கிறார்கள். மணலே வடிகட்டிவிடுவதால் செலவு குறைவு. திருச்சி மாநகராட்சி கம்பரசம்பேட்டையிலும் கொள்ளிடத்திலும் இப்படித்தான் தண்ணீர் எடுக்கிறது. முத்தரசநல்லூரில் காவிரிப் படுகையிலிருந்து எடுக்கும் நீர் புதுக்கோட்டை, சிவகங்கை வழியாக ராமநாதபுரம் வரை போகிறது. சுமார் 616 கோடி ரூபாயில் 2000களின் இறுதியில் முடிந்த கூட்டுக் குடிநீர்த் திட்டம் அது. கீழே கொள்ளிடக் கரை நெடுக இதுபோல் பல திட்டங்கள். வேதாரண்யம் குடிப்பதும் கொள்ளிடத் தண்ணீரைத்தான்.

இங்கே நாம் கவனமாகப் பேச வேண்டும். ‘எங்கள் ஆற்றுத் தண்ணீரை ராமநாதபுரத்துக்குக் கொண்டுபோகாதே’ என்ற முழக்கத்தோடு நாம் சேர முடியாது. அந்த மாவட்டத்தில் குடிதண்ணீருக்கு ஊருணியை நம்பிய காலத்தில் ஊருக்கு ஒரு ஊருணி, சேரிக்கு ஒரு ஊருணி என்றிருந்த கிராமங்கள் உண்டு. கோடையில் முதலில் வற்றும் ஊருணி எது என்று சொல்லத் தேவையில்லை. எங்கிருந்தோ வரும் குழாய்த் தண்ணீர் தெருமுனைக் குழாயில் விழுந்தபோது நம் பெண்களுக்கு அது ஒரு விடுதலை. உள்ளூர் ஆதிக்கத்தின் தயவில்லாமல் குடிக்கக் கிடைத்த முதல் குடம் அது. புரட்சியாளர் அம்பேத்கர் 1927 மார்ச் 20 அன்று மகாடில் சவுதார் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்தது எதற்காக என்று தெரிந்த யாரும், பாரம்பரிய நீர்நிலைகளே போதும் என்று சேரியைப் பார்த்துச் சொல்ல மாட்டார்கள்.

குழாயும் சாதியைத் தாண்டி ஓடிவிடவில்லை என்பது வேறு. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் நம் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்தார்கள். 2025 ஜனவரியில் சிபிசிஐடி அதே மக்களில் மூன்று பேர் மீதே குற்றம் சாட்டியது. அதை இயக்கங்கள் ஏற்கவில்லை, நாமும் ஏற்கவில்லை.

எனவே குழாய் வேண்டும். ஆனால் அதே மணலில் ஒரு பக்கம் கிணறு இறக்கி, மறுபக்கம் அந்த மணலையே லாரியில் ஏற்றினார்களே, அதை என்ன சொல்வது? மணல் என்பது தண்ணீர்த் தொட்டி. பத்தடி மணலை அள்ளினால் பத்தடி உயரத் தொட்டியை உடைத்துப் போட்டதாக அர்த்தம். படுகை தாழ்ந்தால் கரையோர ஊர்களின் நிலத்தடி நீரும் கூடவே இறங்கும். பட்டாதாரர் ஆழ்துளைக் கிணற்றை இன்னும் நூறடி இறக்குவார். காலனியின் கைப்பம்பு காற்றை இறைக்கும். பாசன வாய்க்கால்களின் தலைப்பு மேலே நிற்க ஆற்று மட்டம் கீழே போய்விடுவதால், தண்ணீர் ஓடினாலும் வாய்க்காலில் ஏறுவதில்லை. 2023ல் அமலாக்கத் துறை மணல் குவாரிகளில் சோதனை நடத்தி, அனுமதித்த அளவைவிடப் பல மடங்கு அள்ளப்பட்டதாகச் சொன்னது. அந்தத் துறையின் அரசியல் நமக்குத் தெரியும். கரையில் நிற்கிற எவருக்கும் இதைச் சொல்ல சோதனையும் தேவையில்லை. வயிற்றுப்பாட்டுக்கு மாட்டுவண்டியில் மணல் அள்ளியவர்தான் ஸ்டேஷனில் உட்கார்ந்திருப்பார், லாரி உரிமையாளர் அல்ல.

2018 ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பு மேலணையின் 45 மதகுகளில் 9 மதகுகள் வெள்ளத்தில் உடைந்து போயின. அதே மாதத்தில் திருச்சி - ஸ்ரீரங்கம் பக்கம் கொள்ளிடத்தின் மேல் 1928ல் கட்டிய பழைய இரும்புப் பாலத்தின் தூண்களும் சரிந்தன. அணைக்கு வயதாகிவிட்டது என்றது அரசு. படுகை அரிக்கப்பட்டதற்கு மணல் கொள்ளையே காரணம் என்றார்கள் விவசாயிகள். வயதும் உண்மைதான். ஆனால் 180 ஆண்டுகள் நின்ற கட்டுமானத்தின் காலடியில் என்ன மாறியது என்று கேட்டால் விவசாயிகள் சொன்னதைத் தள்ள முடியாது. பின்னர் சுமார் 387 கோடி ரூபாயில் புதிய கதவணை வந்தது. அந்தப் பணத்தை மணல் விற்ற கணக்கில் எழுதினார்களா என்று நமக்கு ஒரு கேள்வி உண்டு.

இனி ஆற்றோடு கீழே போவோம். அணைக்கரையில் காட்டன் காலத்துக் கீழணையிலிருந்து வடவாறு பிரிந்து கடலூர் மாவட்டத்து வீராணம் ஏரியை நிரப்புகிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்து ஏரி, சுமார் 45,000 ஏக்கர் பாசனம். சென்னைக்குத் தண்ணீர் கொண்டுபோகும் முதல் முயற்சி 1960களின் இறுதியில் தொடங்கி நின்றுபோனது. ஊழல் குற்றச்சாட்டு சர்க்காரியா கமிஷன் வரை போனது. சாலையோரம் கைவிடப்பட்ட ராட்சதக் குழாய்களுக்குள் வீடில்லாத குடும்பங்கள் குடியிருந்தன. தண்ணீர் போகாத குழாயில் மனிதர்கள் வாழ்ந்த அந்தக் காட்சியை எந்தத் திட்ட அறிக்கையும் ‘பயன்’ என்ற தலைப்பில் சேர்க்கவில்லை.

புதிய வீராணம் திட்டம் 2004ல் நிறைவேறியது. நாளொன்றுக்கு 180 மில்லியன் லிட்டர், அதாவது 18 கோடி லிட்டர், 200 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து சென்னைக்குப் போகிறது. ஆண்டு முழுக்க ஓடினால் சுமார் 2.3 டிஎம்சி. ஏரி வறண்ட காலத்திலும் குழாயைக் காலியாக விட முடியாது என்பதால் நெய்வேலிப் பகுதியின் நிலத்தடி நீரை ஆழ்துளைக் கிணறுகளில் எடுத்து அனுப்பினார்கள். ஒருமுறை குழாய் பதித்துவிட்டால் அதற்குப் பசிக்கும். ஏரி இல்லையென்றால் நிலத்தடி, அதுவும் இல்லையென்றால் வேறொன்று.

கொள்ளிடத்தின் முகத்துவாரத்தில் கணக்கு முடிகிறது. நன்னீர் வராத மாதங்களில் கடல் நீர் ஆற்றுக்குள் ஏறி வருகிறது, கிணறுகள் உப்பாகின்றன. இதைத் தடுக்கத்தான் ஆதனூர் - குமாரமங்கலம் இடையே கதவணை கட்டும் வேலையை எடுத்தார்கள். மறுபுறம், மேட்டூர் நிரம்பி வழிந்தால் உபரி முழுவதும் கொள்ளிடத்தில்தான் திறக்கப்படும். நாதல்படுகை, முதலைமேடுதிட்டு, வெள்ளைமணல் போன்ற படுகைக் கிராமங்கள் மூழ்கும். 2022 ஆகஸ்டில் பார்த்தோம். பல மாதம் உப்பு, சில நாள் வெள்ளம். தண்ணீர் தேவைப்படும்போது வராது, வரும்போது வீட்டுக்குள் வரும்.

திருச்சிக்கு வரும் முன்பே இந்த ஆற்றில் கை வைக்கும் பெரிய நகரம் பெங்களூரு. 2018 பிப்ரவரி 16 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் பங்கை 192 டிஎம்சியிலிருந்து 177.25 டிஎம்சியாகக் குறைத்தது. கர்நாடகாவுக்குக் கூடுதலாகக் கிடைத்த 14.75 டிஎம்சியில் 4.75 டிஎம்சி பெங்களூருவின் குடிநீருக்கு என்றது. நகரம் குடித்த தண்ணீர் எங்கே போகிறது? ஒரு பகுதி சாக்கடையாக விருஷபாவதியில் இறங்கி, அர்க்காவதியில் கலந்து, மேட்டூருக்கு மேலேயே காவிரிக்குத் திரும்புகிறது. திருச்சியும் யோக்கியமில்லை. ராஜராஜன் காலத்தது என்று பெருமை பேசும் உய்யக்கொண்டான் வாய்க்காலை மாநகருக்குள் மூக்கைப் பிடிக்காமல் கடக்க முடியாது. நல்ல தண்ணீர் குழாயில் வருவதைப் பொறியாளர் பார்த்துக்கொள்கிறார். கெட்ட தண்ணீர் அடைத்துக்கொண்டால் யாரை இறக்குகிறார்கள்? 2013ல் சட்டம் வந்தும், 2014ல் உச்ச நீதிமன்றம் 10 லட்சம் இழப்பீடு என்றும், 2023ல் அதை 30 லட்சமாக உயர்த்தியும், இறங்குகிறவர்களின் சாதி மாறவில்லை.

உலகத்தில் வேறெங்கும் இப்படி நடந்ததில்லையா என்றால், கலிஃபோர்னியாவின் ஓவன்ஸ் பள்ளத்தாக்கைப் படியுங்கள். 1913ல் லாஸ் ஏஞ்சலஸ் நகரம் 350 கிலோமீட்டருக்கும் அதிகமான கால்வாய் வெட்டி அந்த ஆற்றைக் கொண்டுபோனது. 1920களில் ஓவன்ஸ் ஏரி வறண்டு, பின்னாளில் அமெரிக்காவின் மோசமான புழுதிக் களங்களில் ஒன்றாகியது. வெள்ளை விவசாயிகள் 1924ல் கால்வாயை வெடிவைத்துத் தகர்த்தார்கள். அது புத்தகமாகவும் சினிமாவாகவும் வந்துவிட்டது. அந்த விவசாயிகளுக்கு முன்பே அங்கே வாய்க்கால் வெட்டிப் பாசனம் செய்தவர்கள் பையூட் பழங்குடிகள். அவர்களிடமிருந்து முதலில் பறித்தவர்கள் அந்த விவசாயிகள்தான். நகரம் பறித்தது இரண்டாவது பறிப்பு. முதல் பறிப்பைப் பற்றிச் சினிமா இல்லை.

நம் டெல்டாவிலும் ‘பாதிக்கப்பட்ட விவசாயி’ என்ற சொல்லுக்குள் இரண்டு பேர் இருக்கிறார்கள். 2016ல் பருவமழை பொய்த்து டெல்டா கருகியபோது நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய் நிவாரணம் என்று அரசு அறிவித்தது. அதை வாங்கப் பயிர்க் கணக்கில் பெயர் வேண்டும். நிலமில்லாக் கூலிக்கு என்ன? நூறு நாள் வேலையை 150 நாளாக உயர்த்தினோம் என்றார்கள். அதாவது ஒருவருக்கு இழப்பீடு, இன்னொருவருக்கு மேலும் வேலை. தண்ணீர் வராததால் நடவு இல்லை, நடவு இல்லாததால் கூலி இல்லை. அந்தக் கூலி எந்தப் பதிவேட்டிலும் இழப்பாக ஏறவில்லை. கிணறு இறக்கும் திட்டமானாலும், ஏரியைத் திருப்பும் திட்டமானாலும், பாதிப்பை ஏக்கரில் அளக்கும் வரை நாம் அந்தத் தாளில் இல்லை.

பாபாசாகேப் அணைகளை எதிர்த்தவர் அல்ல. 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையோடு பாசனத்தையும் மின்சாரத்தையும் அவர்தான் பார்த்தார். தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டம் உருவானதில் அவர் பங்கு பெரிது. ஆற்றை ஒரு மாவட்டத்தின், ஒரு மாகாணத்தின் சொத்தாகப் பார்க்காமல் முழுப் பள்ளத்தாக்காகத் திட்டமிட வேண்டும் என்ற அணுகுமுறை அன்றே வந்துவிட்டது. காவிரியில் இன்றுவரை அது இல்லை. மணலுக்கு ஒரு துறை, குடிநீருக்கு ஒரு வாரியம், பாசனத்துக்கு ஒரு துறை, சாக்கடைக்கு மாநகராட்சி. எல்லோரும் ஒரே படுகையில் நின்றுகொண்டு ஒருவர் கணக்கை இன்னொருவர் பார்ப்பதில்லை.

அந்தக் கணக்கை நாம் கேட்கலாம். முக்கொம்பு முதல் அணைக்கரை வரை எத்தனை நீர் உறிஞ்சு கிணறுகள், நாளொன்றுக்கு எத்தனை லிட்டர், அதில் வீடுகளுக்கு எவ்வளவு, ஆலைகளுக்கு எவ்வளவு. கிணறு இறக்குவதற்கு முன்பும் பின்பும் கரையோர ஊர்களின் நிலத்தடி நீர்மட்டம் என்ன. ஒவ்வொரு நீரேற்று நிலையத்துக்கும் ஐந்து கிலோமீட்டருக்குள் இருக்கும் ஆதிதிராவிடர் குடியிருப்புகளில் எத்தனை வீட்டுக்குக் குழாய் இணைப்பு, வாரத்துக்கு எத்தனை நாள் தண்ணீர். தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுவுக்குப் பத்து ரூபாய். குடிநீர் வடிகால் வாரியத்துக்கு ஒன்று, நீர்வளத் துறைக்கு ஒன்று, மாநகராட்சிக்கு ஒன்று. கரையோர ஊர்களைச் சேர்ந்த மாணவர்கள் உங்கள் ஊர்க் கைப்பம்பு எந்த ஆண்டில் நின்றது என்பதை வீட்டுப் பெண்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். அரசின் பதில் வந்ததும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.